ஆறாவது செல்

காலை ஏழு நாற்பதுக்கு எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை நான் வெடிக்க வைத்தேன். 'வெடித்துவிட்டது' என்று எழுதலாம்தான். அப்படி எழுதினால் பழி பேட்டரி மேல் போகும். அது பாவம், மூலையில் சும்மா இருந்தது. ஒரு ஸ்பேனரும், பதினெட்டு வருடம் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுத்த தலைக்கனமும் சேர்ந்துதான் அதைச் செய்தன. படிக்காதவனால் அவ்வளவு திருத்தமாகச் செய்திருக்க முடியாது.

கொரட்டூர் ஏரி முந்தின நாளே விளிம்பு வரை வந்திருந்தது. விடியும்போது எங்கள் தெருவில் தொடையளவு தண்ணீர். ஆறு மணிக்கு, யாருக்கும் ஷாக் அடிக்கக்கூடாது என்று, கரண்ட்டை நிறுத்தினார்கள். நாங்கள் முதல் மாடி. இன்வெர்ட்டர் 'டக்' என்று எடுத்துக்கொண்டது. ஹாலில் மைதிலியின் ஆக்சிஜன் மெஷின் தன் போக்கில் ஓடியது.

மைதிலி என் மனைவி. பெருந்தொற்றின் இரண்டாவது அலையில் அவள் நுரையீரலில் பாதி தழும்பாகிப்போனது. மீதிப் பாதிக்குத் துணையாகத்தான் இந்த மெஷின். காற்றை உறிஞ்சி, ஆக்சிஜனை மட்டும் பிரித்து, மூக்குக் குழாய்க்கு அனுப்பும். அது நின்றால் அவள் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைகூட நடக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் உதடு நீலமாகும்.

ஏழரைக்கு ஃபேன் ஒரு தடவை தயங்கிவிட்டுச் சுற்றியது. பேட்டரி டெர்மினலில் ஏதோ லூஸ் என்று போய்ப் பார்த்தேன். போனவன் அதை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். 'வந்தது வந்தோம், தண்ணீர் அளவையும் பார்த்துவிடலாம்' என்று ஆறு மூடியையும் கழற்றி வைத்தேன். பிறகு பிளஸ் டெர்மினலில் ஸ்பேனரைப் போட்டு, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரை அசைத்தேன். ஒரு சின்னப் பொறி.

இரவெல்லாம் சார்ஜ் ஏறிய பேட்டரி என்ன செய்யும்? உள்ளே இருக்கிற தண்ணீரைப் பிரித்து, ஒரு தட்டில் ஹைட்ரஜனும் இன்னொரு தட்டில் ஆக்சிஜனும் விடும். இதை வருடத்துக்கு நாலு பேட்ச் வீதம் போர்டில் படம் போட்டுச் சொல்கிறவன் நான். 'ஹைட்ரஜன் பக்கத்துல நெருப்பக் கொண்டு போனா என்னடா ஆகும்?' என்று கேட்பேன். 'பாப் சவுண்டு சார்' என்று கோரஸாகச் சொல்வார்கள். இரண்டு மார்க் கேள்வி.

எனக்கு நூறு மார்க் கேட்டது.

பிளஸ் பக்கத்து ஓரத்தில் இருந்த செல்லின் மேல்மூடி பிளந்து ஷெல்ஃபுக்குப் போனது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. லுங்கி தப்பவில்லை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஜன்னல்கள் திறந்தன. பக்கெட் தண்ணீரை மேலே கொட்டிக்கொண்டு, தரையில் ஆப்ப சோடாவை வாரி இறைத்தேன். அது நுரைத்துப் பொங்கியது. அமிலமும் பைகார்பனேட்டும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு. அதுவும் இரண்டு மார்க்.

ஹாலில் மெஷின் நின்று 'பீ...' என்று கத்தியது.

"என்னங்க சத்தம்?" என்றாள் மைதிலி.

"ஒண்ணும் இல்ல. குக்கர்."

"நம்ம வீட்ல இன்னும் அடுப்பே பத்த வைக்கலியே."

"பக்கத்து வீட்டுக் குக்கர்."

அவள் லுங்கியைப் பார்த்தாள். பிறகு லுங்கிக்குள்ளே தெரிந்ததையும் பார்த்தாள். "போய் வேற கட்டிட்டு வாங்க. வேம்புலியம்மா இருக்காங்க" என்றாள்.

வேம்புலியம்மாள் எங்களுக்குக் கீழ் வீடு. தண்ணீர் உள்ளே வந்ததும் விடியற்காலையிலேயே ஒரு பையோடும் ஒரு சாமி படத்தோடும் மேலே வந்து, எங்கள் சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது. கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சமைத்துப்போட்டு ரிட்டயர் ஆனவர். வெடிச்சத்தத்துக்கு அசையாத ஒரே ஆள் அவர்தான்.

மூலையில் நின்ற சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினேன். அது அவசரத்துக்கு வைத்திருந்தது. போன மாதமே பாதி தீர்ந்து, முள் சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டு மணி நேரம் வரும். குறைத்து வைத்தால் மூன்று.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த இரண்டாவது அலையில் மைதிலி முப்பத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். யாரையும் உள்ளே விடாத காலம். கூட யாரும் இல்லை, பேச ஆளில்லை. பக்கத்துப் படுக்கைகள் மூன்று முறை காலியானதை அவள் பார்த்தாள். வீட்டுக்கு வந்த அன்று சொன்ன முதல் வார்த்தை: "இனிமே அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். என்ன ஆனாலும் இங்கயே." நான் என்ன சொல்ல வேண்டும்? 'பார்க்கலாம்' என்று சொல்லியிருக்கலாம். நானோ, "இந்த வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கிடறேன், நர்ஸ் மட்டும் கொஞ்சம் சுமாரா இருப்பான்" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகக் கொடுத்த வாக்கு அது. மெஷின், இன்வெர்ட்டர், சிலிண்டர் எல்லாம் அதற்காகத்தான். அதைத்தான் ஸ்பேனரால் திறந்து பார்த்தேன்.

டாக்டருக்கு ஃபோன் போட்டேன். கையில் இன்னும் எரிச்சல் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அது அன்றைய இரண்டாவது தப்பு.

"விரல்ல மாட்டுற மீட்டர் இருக்குல்ல சிவராமன்? ஆக்சிஜன் தொண்ணூறுக்கு மேல இருந்தா வீட்லயே சமாளிங்க. எண்பத்தெட்டுக்குக் கீழ போச்சுன்னா யோசிக்காதீங்க, கொண்டுவந்துடுங்க. இப்ப நீங்களும் கூட இருக்கலாம், முன்ன மாதிரி இல்ல."

ஃபோனை வைத்ததும் மைதிலி கையை நீட்டினாள். "மீட்டர இங்க குடுங்க. நானே பாத்துக்கறேன். நீங்க உங்க பேட்டரியப் பாருங்க."

கொடுத்தேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மின்வாரிய எண்ணுக்கு அடித்தேன். "தண்ணி வடிஞ்சதும் குடுத்துருவோம் சார்." எப்போது வடியும்? "வடிஞ்சதும் சார்." சிலிண்டர் கடைக்கு அடித்தேன். "வண்டி கெளம்பிடிச்சு சார்." எங்கே வருகிறது? "வந்துகினே கீது சார்." மைதிலியிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா இருக்கு." எவ்வளவு? "தொண்ணூத்தி நாலு." அன்றைக்குக் கேட்ட பதில்களில் எண்ணோடு வந்தது அது ஒன்றுதான். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

"வாத்தியாரே, நம்ம நஜீர் கீறான்ல, அவனுக்கு ஒரு போன் போடு" என்றார் வேம்புலியம்மாள். "பேட்டரி கடை வெச்சிக்கிறானே. ரெண்டு தெரு பின்னாலதான் ஊடு."

நஜீர் வரும்போது மணி எட்டே முக்கால். இடுப்பளவு நனைந்து, கருவிகளை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பில் போட்டு, அதைத் தண்ணீரில் மிதக்க விட்டுத் தள்ளிக்கொண்டே வந்தார். ஐம்பது வயது இருக்கும். பிளந்த பேட்டரியை ஒரு நிமிடம் பார்த்தார். என்னை அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"இன்னா சார், பாம்புக்கு மகுடி ஊதுறவனே கைய உட்ட மாரி கீதே. எம் பொண்ணு சைமா உங்ககிட்டதான் படிச்சா. கெமிஸ்ட்ரில தொண்ணூத்தி மூணு."

"அவ நல்லா படிச்சா நஜீர் பாய்."

"நீங்களும் அவளாண்ட ஒரு டியூசன் போயிருக்கலாம்."

ஜன்னல்களைத் திறந்து, விசிறியால் நன்றாக வீசி, கேஸ் எல்லாம் போன பிறகுதான் கிட்டே போனார். செல் செல்லாக டெஸ்டர் முனையை வைத்தார். பேட்டரி என்று நாம் சொல்வது ஒன்றல்ல. பெட்டிக்குள் ஆறு அறை. ஒவ்வொன்றிலும் ஈயத் தகடு ஒரு பக்கம், ஈய ஆக்சைடு தகடு ஒரு பக்கம், நடுவில் நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலம். ஒரு அறைக்கு இரண்டு வோல்ட். ஆறும் கைகோத்து நின்றால் பன்னிரண்டு.

"அஞ்சு உசுரோட கீது சார். ஓரத்துல கீறது அவுட்டு. பத்து வோல்ட்டு நிக்குது. உங்க இன்வெர்ட்டரு பத்தரைக்குக் கீழ போனா கட் பண்ணிடும். ரெண்டே ரெண்டு வோல்ட்டு வேணும்."

இரண்டு வோல்ட்! என் மூளை அந்த நிமிடத்தில் பிரகாசித்தது. டியூஷன் அலமாரியில் துத்தநாகத் தகடு, செம்புத் தகடு, காப்பர் சல்ஃபேட், வளைந்த கண்ணாடிக் குழாய் எல்லாம் இருந்தன. பத்து வருடமாக நான் பசங்களுக்குக் காட்டும் டேனியல் செல். துத்தநாகம் தன் எலக்ட்ரான்களை விட்டுக் கரையும், அந்த எலக்ட்ரான்கள் வயர் வழியாக வந்து செம்பில் ஏறும். ஒன்றுக்கு ஒன்று புள்ளி ஒன்று வோல்ட். இரண்டு போட்டால் இரண்டு புள்ளி இரண்டு. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து நஜீர் முன்னால் பரப்பினேன். இரண்டு பீக்கரிலும் கரைசலைக்கூட ஊற்றிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "வோல்ட்டு வரும் சார். சின்ன எல்இடி ஒண்ணு எரியும். இந்த மெசினு முப்பது ஆம்பியர் இழுக்குது. வரிசைல நின்னா எல்லாரும் அதே முப்பத தன் வழியா உடணும். இது உடாது. மொத்தத்தையும் அடச்சிகினு நிக்கும்."

எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும். வோல்ட் என்பது தள்ளும் ஆசை, ஆம்பியர் என்பது கடந்துபோகும் கூட்டம். விரல் நீளத் தகட்டில் அவ்வளவு பெரிய கூட்டம் நடக்க முடியாது. நானே பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் பக்கத்து அறையில் சிலிண்டர் முள் இறங்கிக்கொண்டிருக்கும்போது, தெரிந்தது எதுவும் தெரிந்ததாக இருப்பதில்லை. நீலக் கரைசல் இருந்த பீக்கரைக் கையில் பிடித்தபடி நின்றேன். தீர்த்தம் கொடுக்க வந்த குருக்கள் மாதிரி.

"என் ஊட்ல ஒண்ணு செத்துப்போனது கீதே" என்றார் வேம்புலியம்மாள். "ஃபேன் போட்டா பத்து நிமிசத்துல படுத்துக்கும். அதுல ஏதாச்சும் தேறுமா?"

நஜீர் திரும்பிப் பார்த்தார். "எப்பயும் ஆறும் ஒண்ணா சாவாதும்மா. வாங்க சார்."

கீழே வேம்புலியம்மாள் வீட்டில் கட்டில் மிதந்துகொண்டிருந்தது. பேட்டரி ஸ்டாண்டின் மேல் இருந்ததால் முக்கால்வாசி தண்ணீருக்கு வெளியே தலையைக் காட்டிக்கொண்டிருந்தது. ஐம்பத்தைந்து கிலோ. நஜீர் முன்னால், நான் பின்னால், பதினேழு படி. ஒன்பதாவது படியில் என் உடம்பில் ஏதோ ஒன்று தன் இடத்தை விட்டுப் போனது. எது என்று பார்க்க நேரமில்லை.

மேலே வைத்து ஒவ்வொரு செல்லாகப் பார்த்தார். "அவுட்டு. அவுட்டு. இதுவும் அவுட்டு. இது இஸ்துகினு கீது, வேணா. அவுட்டு." கடைசி, மைனஸ் பக்கத்து ஓர செல். டெஸ்டர் முள் ஏறி நின்றது. கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதவை எங்கே நிற்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அமிலம் கனமாக இருந்தால் சார்ஜ் இருக்கிறது. தண்ணீர் மாதிரி இருந்தால் இல்லை. நெடுநேரம் பார்த்தார்.

"எவ்ளோ இருக்கு?"

"கீது சார்."

அப்போதுதான் தெருவில் விசில் கேட்டது. தீயணைப்புப் படகு. மணி பத்து. கீழே இருந்து ஒருவர் மெகாஃபோனில் கேட்டார்: "மேல வயசானவங்க, உடம்பு முடியாதவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

நான் மைதிலியைப் பார்த்தேன். மைதிலி சுவரைப் பார்த்தாள்.

"போலாமா மைதி?"

"தொண்ணூத்தி நாலு இருக்கு. எதுக்கு? அவர் சரி பண்றார்ல?"

பால்கனிக்குப் போய், "இல்லீங்க, நாங்க இருந்துக்கறோம்" என்றேன். "மூணு மணிக்கு இன்னொரு ட்ரிப். அதுதான் கடைசி. அப்புறம் இந்தப் பக்கம் வர முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நஜீர் கையால் சுற்றும் துளைப்பானை எடுத்தார். என் பேட்டரியில் செத்த செல்லையும் அடுத்த செல்லையும் இணைக்கும் ஈயப் பாலத்துக்கு நேராக மேல்மூடியில் ஓட்டை போட்டு, ஒரு ஸ்க்ரூவை இறக்கினார். ஈயம் வெண்ணெய் மாதிரி, கடித்துக்கொண்டது. வேம்புலியம்மாள் பேட்டரியிலும் அதேபோல் ஒன்று. என் ஐந்து செல்லின் பிளஸ்ஸை அந்தம்மாவின் ஒற்றைச் செல்லின் மைனஸோடு தடித்த வயரால் கட்டினார். அந்த ஒற்றைச் செல்லின் பிளஸ் இன்வெர்ட்டருக்கு. மாற்றிக் கட்டிவிடுவாரோ என்று நான் இரண்டு தடவை வாய் திறந்தேன். அவர் பார்த்த பார்வையில் இரண்டு தடவையும் மூடிக்கொண்டேன்.

பத்து நாற்பதுக்கு சிலிண்டர் முள் பூஜ்யத்தில் படுத்தது. பத்து நாற்பத்தொன்றுக்கு மெஷின் 'ட்ரீம்' என்று எழுந்தது.

வேம்புலியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் நஜீரைக் கட்டிப்பிடித்தேன். அவர் மேல் இருந்த அமிலம் என் இரண்டாவது லுங்கிக்கும் வந்தது.

"நஜீர் பாய், எவ்ளோ நேரம் வரும்?"

"ஓடும் சார்."

"மூணு மணி வரைக்குமாவது?"

"பாத்துக்கலாம் சார். ஆறுல எது வீக்கோ அதோட ஆயுசுதான் மொத்த ஆயுசும்." டப்பைத் தூக்கிக்கொண்டார். "பின்னாடி தெருவுல ஒரு கொயந்த கீது, நெபுலைசர் ஓடல. பாத்துட்டு வந்துடறேன். எது வேணாலும் கூப்டுங்க."

அதற்கப்புறம் நான் செய்தது எனக்குத் தெரிந்த ஒரே வேலை. ஹாலில் டியூஷன் போர்டு இருக்கிறது. அதில் கோடு போட்டு இரண்டு பத்தி பிரித்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் மல்டிமீட்டரை எடுத்துப்போய் வேம்புலியம்மாள் செல்லின் வோல்ட்டை அளந்து இடதுபக்கம் எழுதுவேன். "எவ்ளோ மைதி?" என்று கேட்டு, அவள் சொல்வதை வலதுபக்கம் எழுதுவேன். பிராக்டிகல் பரீட்சைக்குப் போல.

1.99. தொண்ணூற்று நாலு.

1.98. தொண்ணூற்று நாலு.

"உக்காருங்களேன்" என்றாள். "குட்டி போட்ட பூனை மாதிரி நடக்கறீங்க. அந்தப் பாடத்தச் சொல்லுங்க."

"எந்தப் பாடம்?"

"அதான், பதினெட்டு வருஷமா சமையக்கட்டுச் சுவர் வழியா நான் கேக்கறது. எலக்ட்ரான் ஏன் வயரச் சுத்தி வரணும்? நடுவுல ஆசிட் இருக்கே, குறுக்கால போனா என்ன?"

"அவன் ஆசிட்ல இறங்க மாட்டான். உள்ள போறதெல்லாம் அயனிதான். எலக்ட்ரானுக்கு இந்தத் தட்டுலேர்ந்து அந்தத் தட்டுக்குப் போயே ஆகணும், ஆனா வழி வெளியிலதான். அப்படிச் சுத்திப் போறப்ப நடுவுல நம்ம மெஷின வெச்சு வேல வாங்கிக்கறோம்."

"பாவம். வீட்டுக்குப் போறவன வழில நிறுத்தி வேல வாங்கறது." மூச்சு எடுக்க நிறுத்தினாள். "அப்புறம் ரெண்டு தட்டும் கடைசில ஒண்ணாயிடும், இல்ல?"

"ஆமா. ரெண்டுமே லெட் சல்ஃபேட் ஆயிடும். ஆசிட் தண்ணியாயிடும். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கற வரைக்கும்தான் கரண்ட்."

"அப்ப நமக்கு இன்னும் நெறைய சார்ஜ் இருக்கு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலாகி முடிய ஒரு நிமிடம் ஆனது. "தொண்ணூத்தி நாலு" என்றாள், நான் கேட்காமலே.

பன்னிரண்டு மணிக்கு 1.95. ஒரு மணிக்கு 1.91. வேம்புலியம்மாள் கேஸ் அடுப்பில் ரசம் வைத்தார். மைதிலி இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, பசியில்லை என்றாள். வெளியே மழை விட்டிருந்தது. தண்ணீர் மட்டும் அப்படியே நின்றது. தெருவில் யாருடைய வீட்டு நீல ட்ரம்மோ போய்க்கொண்டிருந்தது. மின்வாரியத்துக்கு ஏழாவது தடவை அடித்தேன். அந்தப் பையன் பாவம், என் குரலைக் கேட்டதும், "வடிஞ்சிட்டு இருக்கு சார்" என்றான். என் ஜன்னலில் இருந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

ஒன்று நாற்பதுக்கு 1.86. இரண்டுக்கு 1.80. இரண்டு பத்துக்கு 1.71.

நான் போர்டுக்கு முன்னால் நின்றுவிட்டேன். இது எனக்குத் தெரிந்த வளைவு. ஒரு செல் தீரும்போது நெடுநேரம் மெல்ல இறங்கும். கடைசியில் முட்டி மடங்கிய மாதிரி ஒரே சரிவு. அப்புறம் அது சும்மாகூட நிற்காது. மற்ற ஐந்தும் அதன் வழியாகவே தள்ளுவதால் தலைகீழாகத் திரும்பி, அவர்கள் கொடுப்பதையே குடிக்க ஆரம்பிக்கும். இன்னும் பத்து நிமிடம். அதிகமாகப் போனால் பதினைந்து. படகு மூன்று மணிக்கு. நஜீருக்கு அடித்தேன், ரிங் போனது, எடுக்கவில்லை. சிலிண்டர் கடை ஸ்விட்ச் ஆஃப்.

"மைதி, எவ்ளோ?"

"தொண்ணூத்தி நாலு."

சாக்பீஸ் எழுதப்போன இடத்தில் நின்றது.

இடதுபக்கப் பத்தியைப் பார்த்தேன். 1.99, 1.98, நடுவில் ஒரு 1.96, திரும்ப 1.97, பிறகு இறங்கி இறங்கி... ஒழுங்கில்லாமல், முன்னும் பின்னுமாக, அளந்தது அளந்தபடி. வலதுபக்கப் பத்தியைப் பார்த்தேன். தொண்ணூற்று நாலு. தொண்ணூற்று நாலு. தொண்ணூற்று நாலு. சந்தேகம் வரக்கூடாதென்று நடுவில் ஒரே ஒரு தொண்ணூற்று மூன்று. மறுபடியும் தொண்ணூற்று நாலு.

பதினெட்டு வருடம். அளக்காமல் ரெக்கார்டு நோட்டில் ரீடிங் எழுதிக்கொண்டு வருகிற பசங்களை நான் தூரத்திலிருந்தே பிடிப்பேன். பொய்யான ரீடிங் எப்போதும் அழகாக இருக்கும். நடுவில் நம்பிக்கைக்காக ஒன்றை மட்டும் மாற்றியிருப்பார்கள். 'டேய், உண்மை இவ்ளோ அழகா இருக்காதுடா' என்று நோட்டைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். மூன்றரை மணி நேரமாக அந்த நோட்டை என் கையாலேயே போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

திரும்பினேன். அவள் கை போர்வைக்குள் இருந்தது.

நியாயமாக நான் ஒரு ஜோக் அடித்திருக்க வேண்டும். வாய்க்கு வந்தது: 'ரோல் நம்பர் ஒண்ணு, எழுந்து நில்லு.' சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் அவள் எனக்கு நேராகப் பதில் சொன்னதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் நான் நேராக ஒரு கேள்வி கேட்டதில்லை என்பது, அந்தப் போர்டுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த ஆறடியில்தான் தெரிந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். உள்ளே இன்வெர்ட்டர் எச்சரிக்கை மணி விட்டு விட்டு அடிக்க ஆரம்பித்தது. வேம்புலியம்மாள் பால்கனியில் நின்று தெரு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மைதிலி. பேட்டரி இன்னும் பத்து நிமிஷம்தான். ஆரம்பத்துலேர்ந்தே இது போதாது. காலைல நான்தான் வெடிக்க வெச்சேன், குக்கர் இல்ல. வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கறேன்னு சொன்னேன், என்னால முடியல. ஜோக்கெல்லாம் தீந்துபோச்சு. உனக்கு எப்படி இருக்கு? நெஜமா எவ்ளோ?"

அவள் என் தலையைப் பார்த்தாள். முடியில் இன்னும் ஆப்ப சோடா இருந்திருக்க வேண்டும், தட்டிவிட்டாள்.

"வாத்தியாரே!" பால்கனியில் இருந்து வேம்புலியம்மாள் கத்தினார். "படகு முன்னாடியே வந்துகினு கீது! நஜீர் அதுல நின்னுகினு கை காட்றான்!"

விசில் கேட்டது, ஒரு தடவை, கொஞ்சம் நெருக்கமாக இன்னொரு தடவை. மெஷின் சுருதி இறங்கியது. மைதிலி போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, மீட்டர் மாட்டிய விரலை என் உள்ளங்கையில் வைத்தாள். விரல் ஜில்லென்று இருந்தது.

"எண்பத்தி ரெண்டு" என்றாள். "பன்னண்டு மணிலேர்ந்து எண்பத்தஞ்சுக்கு மேல ஏறவே இல்ல. அங்க போக பயமா இருக்கு. இங்க இருக்கவும் பயமா இருக்கு. நீங்க அந்த வயரப் புடிச்சிட்டு ஓடறதப் பாத்து சொல்ல மனசு வரல. கூடவே இருப்பீங்கன்னா, போலாம். என்னைத் தூக்குங்க."